மேகத்துக்கு மேலே புளியோதரை!

பிரெஞ்சுக்காரர்களிடம் எழுத்துக்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு வார்த்தைக்குப் பத்து எழுத்து எழுதுவார்கள். வாசிக்கும்போது ஆறைத்தான் உச்சரிப்பார்கள். மீதி நாலும் நம்ம ஆபீஸில் சில ஆசாமிகள் மாதிரி... அட்டெண்டன்ஸில் பேர் இருக்கும், வேலை மட்டும் நடக்காது! போர்டில் 'சாமோனிக்ஸ்' என்று எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அது 'ஷாமொனி'யாம். 'மான்ட் பிளாங்க்' என்று ஜாக்ரஃபி வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்தோமே, அந்த மலை இங்கே 'மோன் ப்ளான்'. வெள்ளை மலை என்று அர்த்தம்.

அந்த வெள்ளை மலையின் காலடியில், பிரான்சின் கிழக்கு மூலையில், இத்தாலியும் ஸ்விட்சர்லாந்தும் எட்டிப் பார்க்கிற இடத்தில் இருக்கிறது ஷாமொனி. உலகத்தின் முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் 1924-ல் நடந்தது இந்தச் சின்ன ஊரில்தான். அங்கே ஒரே ஒரு நாள், நாலு பேர் சுற்றிய கதை இது.

நாலு பேரையும் அறிமுகப்படுத்தி விடுகிறேன். நிஜப் பெயர்கள் வேண்டாம், இன்க்ரிமென்ட் சீஸன்! முதலில், ஆன்சி என்ற ஊரில் வேலை பார்க்கும் புதுச்சேரி நண்பன். காலேஜிலேயே அவன் பெயர் 'பாண்டி'. எங்களுக்கு வீடு, கார், மொழிபெயர்ப்பு எல்லாம் அவன் உபயம். இரண்டாவது 'ஆடிட்டர்'. எந்தப் பொருளைப் பார்த்தாலும் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக் கொள்கிறவன். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று. அதில் பாத்ரூமுக்குக் கொடுத்த காசு உட்பட எழுதியிருக்கும். மூன்றாவது 'ஸ்வெட்டர்'. மார்கழி மாசம் மாம்பலத்திலேயே மஃப்ளர் கட்டுகிறவன். ஜூலை மாதக் கோடையில்கூடக் குரங்குக் குல்லாயோடு பிரான்சுக்கு வந்து இறங்கினான். நாலாவது அடியேன்.

விடியற்காலை நாலரைக்கு எழுப்பி விட்டான் பாண்டி. "ஏன்டா, மலை எங்கேயும் ஓடியா போயிடும்?" என்றான் ஸ்வெட்டர் போர்வைக்குள்ளிருந்து.

"மலை ஓடாது. மேகம் வந்துடும். பத்து மணிக்கு மேல போனா எழுபது யூரோ கொடுத்து வெறும் புகையைத்தான் பார்க்கணும்."

'எழுபது யூரோ' என்றதும் ஆடிட்டர் முதல் ஆளாக பல் தேய்க்கப் போய்விட்டான்.

ஆன்சியிலிருந்து ஷாமொனி சுமார் நூறு கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விட்டோம். காரை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால்... வீடு, வீட்டுக்கு மேலே மரம், மரத்துக்கு மேலே பாறை, பாறைக்கு மேலே பனி, அதற்கும் மேலே இன்னும் பனி. கழுத்து வலித்ததே தவிர உச்சி வரவில்லை.

ஊர் நடுவில் ஒரு சிலை. இரண்டு பேர். ஒருவர் கை நீட்டி மலை உச்சியைக் காட்டுகிறார். இன்னொருவர் பார்க்கிறார். காட்டுகிறவர் ழாக் பால்மா. பார்ப்பவர் ஜெனிவாவைச் சேர்ந்த விஞ்ஞானி சொஸ்யூர். மோன் ப்ளான் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக 1760-ல் அறிவித்தவர். இருபத்தாறு வருஷம் கழித்து, 1786 ஆகஸ்ட் 8-ம் தேதி, இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் இந்த பால்மா. மற்றவர் உள்ளூர் டாக்டர் மிஷெல் பக்கார்.

"டாக்டர் சிலை எங்கே?" என்றேன்.

"அது தனியா அந்தப் பக்கம் இருக்கு. இந்தச் சிலை 1887-ல வெச்சது. டாக்டருக்கு 1986-ல தான் வெச்சாங்க."

அதாவது, சேர்ந்து ஏறியது இரண்டு பேர். ஒருத்தருக்குச் சிலை நூறு வருஷத்தில். இன்னொருத்தருக்கு இருநூறு வருஷத்தில்! ஏறின பிறகு பெருமையெல்லாம் பால்மா பக்கம் போய்விட்டது. டாக்டர் ஏதோ கூடப் போன லக்கேஜ் மாதிரி ஆகிவிட்டார். "எங்க செக்ஷன்லயும் இதேதான்டா நடக்குது" என்று பெருமூச்சு விட்டான் ஆடிட்டர். டாக்டர் சிலை இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான்.

எய்கி த்யு மிதி என்று ஒரு சிகரம். ஊசி மாதிரி இருக்கும். 1955-ல் அதன் தலைக்கே ரோப் கார் போட்டுவிட்டார்கள். ஷாமொனி 1035 மீட்டரில் இருக்கிறது. ரோப் கார் விடுகிற இடம் 3777 மீட்டர். நடுவில் ஒரே ஒரு இடத்தில், 2317 மீட்டரில், வண்டி மாறவேண்டும். அங்கே இறங்கும்போதே ஊட்டியைத் தாண்டியாகிவிட்டது. அடுத்த வண்டியில் ஏறினால் தொட்டபெட்டாவுக்கு மேலே இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர். இந்த இரண்டாவது கட்டத்துக்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கம்பி, நாம், கடவுள். அவ்வளவுதான்.

டிக்கெட் ஆளுக்கு நம்ம காசில் ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஆடிட்டர் நோட்டில் எழுதும்போது பேனா நடுங்கியது. குளிரில் என்று சொன்னான்.

எங்கள் வண்டியில் கோடரி, கயிறு, இரும்புக் கொக்கி எல்லாம் மாட்டிக்கொண்டு மலையேறுகிற இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நடுவே கையில் எவர்சில்வர் டிபன் கேரியரோடு நாங்கள். ஒருத்தன் கேரியரைக் காட்டி பாண்டியிடம் ஏதோ கேட்டான். "என்னடா சொல்றான்?" என்றேன். "இது என்ன கருவி, எந்த மாதிரி ஏற்றத்துக்கு யூஸ் பண்ணுவீங்கன்னு கேக்கறான்."

மேலே போய்ச் சேர இருபது நிமிஷம்தான். அந்த இருபது நிமிஷத்தில் உடம்பு கோடையிலிருந்து ஃப்ரீஸருக்குப் போய்விடுகிறது. கதவு திறந்ததும் முதல் பாடம், அங்கே வேகமாக நடக்கக் கூடாது. காற்றில் ஆக்ஸிஜன் கம்மி. நாலு படி ஏறினால் நாற்பது படி ஏறின மாதிரி மூச்சு வாங்குகிறது. ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேரான நாள் ஞாபகம் வந்தது. பாறைக்குள்ளேயே குடைந்த லிஃப்ட் ஒன்று 3842 மீட்டரில் உள்ள மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அங்கிருந்து பார்த்ததை எழுதச் சொன்னால் எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. ஒரு பக்கம் மோன் ப்ளான், ஏதோ அடுத்த தெருவில் இருக்கிற மாதிரி. இன்னொரு பக்கம் வரிசையாக இத்தாலி, ஸ்விட்சர்லாந்து சிகரங்கள். கீழே மேகம், பஞ்சு மெத்தைக் கடை மாதிரி. எங்களோடு வந்த மலையேறிகள் ஒரு பனிச் சுரங்கம் வழியாக வெளியே போய், கத்தி முனை மாதிரி ஒரு பனி விளிம்பில் கயிறு கட்டிக்கொண்டு எறும்பு வரிசையாக இறங்கினார்கள். ஸ்வெட்டர் அதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மலையின் உயரம்கூட நிலையில்லையாம். உச்சியில் இருப்பது பாறை இல்லை, பனித் தொப்பி. காற்றுக்கும் மழைக்கும் ஏறி இறங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அளக்கிறார்கள். 2021-ல் 4807.81 மீட்டர். 2023-ல் 4805.59.

"ரெண்டு மீட்டருக்கு மேல குறைஞ்சிருக்கே, யார் பொறுப்பு?" என்றான் ஆடிட்டர், ஸ்டாக் வெரிஃபிகேஷன் குரலில்.

2013 டிசம்பரில் இங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி திறந்தார்கள். மலை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவர், கூரை, தரை எல்லாமே கண்ணாடி. காலுக்குக் கீழே ஆயிரம் மீட்டர் பள்ளம். கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க ஷூவுக்கு மேலே துணிச் செருப்பு மாட்டிவிடுகிறார்கள். பாண்டியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். ஆடிட்டர் மட்டும் விசாரித்தான். "இதுக்குத் தனி டிக்கெட்டா?"

"இல்லை, அதிலேயே சேர்த்தி."

அவ்வளவுதான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு நிமிஷம் உள்ளே நின்றுவிட்டு வந்தான். எதையும் பார்க்கவில்லை. ஆனால் காசை விடவில்லை!

காற்று படாத ஒரு மூலையில் கேரியரைத் திறந்தோம். புளியோதரை, வடாம், எலுமிச்சை ஊறுகாய். நல்லெண்ணெய் உறைந்து போயிருந்தது. பெருங்காய வாசனை மட்டும் உறையவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த வயதான பிரெஞ்சு தம்பதி மூக்கை உறிஞ்சி, சிரித்து, ஒரு ஸ்பூன் வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தப் பெரியவர் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, "த்ரே போன்" என்றார். ரொம்ப நல்லா இருக்கு என்று அர்த்தமாம். நாங்கள் நம்பவில்லை. ஆனால் இரண்டாவது ஸ்பூனும் கேட்டார்!

* * *

மதியம் இறங்கி வந்து மோன்தன்வேர் ரயில். 1909-லிருந்து மலையேறும் பல்சக்கர ரயில். நம்ம மேட்டுப்பாளையம் ரயிலுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. சிவப்புப் பெட்டி. இருபது நிமிஷத்தில் 1913 மீட்டர். எதற்கு இந்த ரயில்? 'பனிக்கடல்' என்று பெயர் கொண்ட பிரம்மாண்டமான பனியாற்றைப் பார்க்க. பனியாறு என்றால் உறைந்து நிற்கிற ஐஸ் இல்லை. மேலே விழுகிற பனி அழுந்தி அழுந்தி ஐஸாகி, தன் கனத்தில் தானே மெள்ள மெள்ளக் கீழே நகர்கிறது. ஆறுதான், ஓடுகிற வேகம் மட்டும் நம்ம ஃபைல் நகர்கிற வேகம். 1816-ல் இங்கே வந்த மேரி ஷெல்லி, தன் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் ராட்சசனையும் அவனைப் படைத்தவனையும் இந்தப் பனிக்கடலில்தான் சந்திக்க வைத்தார்.

ரயிலை விட்டு இறங்கி எட்டிப் பார்த்த நாங்கள் திகைத்துப் போனோம். கடலைக் காணோம்! எங்கேயோ பாதாளத்தில் சாம்பல் நிறத்தில் கல்லும் மண்ணும் மூடின ஒரு நாக்கு. அதுதான் பனிக்கடலாம்.

ரயில் வந்த காலத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஐஸ் இருந்தது. இன்று நூறு மீட்டருக்கும் அதிகமாகக் கீழே போய்விட்டது. ஐஸைக் குடைந்து ஒரு குகை செய்து காட்டுகிறார்கள். ஐஸ் நகர்கிறதால் வருஷா வருஷம் புதிதாகக் குடைய வேண்டும். அங்கே போக 1988-ல் ஒரு இழுவைப் பெட்டி போட்டார்கள். அப்போது அதை விட்டு இறங்கினால் ஒரு சில படிகள்தான். ஐஸ் இறங்க இறங்கப் படி கட்டிக்கொண்டே போனார்கள். ஐந்நூறு படிக்கு மேல் ஆகிவிட்டது. கட்டுப்படியாகாமல், பள்ளத்தாக்கில் மேலே தள்ளி 2024-ல் புது இழுவைப் பெட்டியே போட்டுவிட்டார்கள்.

அந்தப் படிகளின் வழியில் சின்னச் சின்னப் பலகைகள். 'இந்த வருஷம் ஐஸ் மட்டம் இதுவரை' என்று. 1985, 1990, 2001, 2010... ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பேச்சு குறைந்துவிட்டது. "நான் அஞ்சாம் கிளாஸ் படிக்கிறப்போ ஐஸ் இங்கே இருந்திருக்கு" என்று ஒரு பலகையைத் தொட்டுக் காட்டினான் ஸ்வெட்டர். அங்கிருந்து கீழே பார்த்தால் ஐஸ் அவ்வளவு தூரத்தில் இருந்தது. உலகம் சூடாகிறது, உலகம் சூடாகிறது என்று பேப்பரில் எத்தனையோ தடவை படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அன்றைக்கு அதைப் படி கணக்கில் பார்த்தேன்.

* * *

நாலு மணிக்கு பாண்டி, "இன்னும் ஒரு இடம் பாக்கி. டிக்கெட் கிடையாது, இலவசம்" என்றான். ஆடிட்டர் அவனைக் கட்டிக்கொண்டான்.

மோன் ப்ளானிலிருந்து நேராக ஊரை நோக்கித் தொங்குகிற இன்னொரு பனியாறு, பொஸோன். அதன் எதிரே காட்டுப் பாதையில் ஏறி, ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்தோம். பனி வெயிலில் நீலமும் வெள்ளையுமாக மின்னியது. அப்போதுதான் பாண்டி சொன்னான். "நம்ம ஊர் ஏரோப்ளேன் ரெண்டு இதுக்குள்ள இருக்குடா."

முதலாவது, 1950 நவம்பர் 3. ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்'. பம்பாயிலிருந்து லண்டன் போகிற வழியில், ஜெனிவாவில் இறங்குவதற்கு முன் மோன் ப்ளானில் மோதியது. 48 பேர். பயணிகளில் பெரும்பாலோர், பிரிட்டனில் கப்பல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாலுமிகள். தேடப் போன உள்ளூர் வழிகாட்டி ரெனே பயோவும் பனியில் உயிரை விட்டார்.

இரண்டாவது, 1966 ஜனவரி 24. ஏர் இந்தியாவின் போயிங் 707, 'காஞ்சன்ஜங்கா'. கிட்டத்தட்ட அதே இடம். 117 பேர். அதில் ஒருவர் ஹோமி பாபா. நம்ம நாட்டு அணுசக்தித் துறையைக் கட்டி எழுப்பியவர். வியன்னாவில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வயது 56.

சதி, வெடிகுண்டு என்றெல்லாம் இன்றைக்கும் எழுதுகிறார்கள். பிரெஞ்சு விசாரணையின் முடிவு வேறு. விமானத்தின் திசை காட்டும் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. ஜெனிவாவிலிருந்து ரேடாரில் பார்த்து இடத்தைச் சொன்னார்கள். மலை இன்னும் முன்னால் இருக்கிறது என்ற அர்த்தத்தில் சொன்ன வார்த்தை, மலையைத் தாண்டியாகிவிட்டது என்று காதில் விழுந்திருக்கிறது. விமானி கீழே இறங்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு வாக்கியம். நாம் தினமும் போனில் எத்தனை வாக்கியங்களை அரைகுறையாகக் கேட்டு 'ஓகே சார்' சொல்கிறோம்!

பனி இரண்டு விமானத்தையும் விழுங்கியது. ஆனால் சொன்னேனே, பனியாறு நகரும். விழுங்கியதை இத்தனை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்து வைக்கிறது. 2012-ல் மலை மீட்புக்காரர் ஒருவரும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு சாக்குப் பையைக் கண்டெடுத்தார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை. உள்ளே 1966 ஜனவரி செய்தித்தாள்கள். அதில் நம்ம மெட்ராஸ் 'ஹிந்து'வும் இருந்தது. 2020-ல், அந்தப் பக்கம் சிற்றுண்டிக் குடில் நடத்துகிறவர் கண்ணில் இன்னும் ஒரு டஜன் இந்தியப் பேப்பர்கள் பட்டன. காய வைத்துப் பிரித்தால், இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தி பளிச்சென்று படிக்க முடிந்ததாம். அவர் பதவியேற்றது 1966 ஜனவரி 24. அந்தப் பேப்பர் மலையில் விழுந்த அதே நாள்!

"பேப்பர் மட்டும்தானா?" என்றான் ஸ்வெட்டர் மெதுவாக.

"இல்லை. 2017-ல மனுஷங்க எலும்பும் கிடைச்சுது."

ஸ்வெட்டர் குரங்குக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவனை வெறுந்தலையோடு நான் பார்த்தது பிரான்சில் அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து பாண்டி தொடர்ந்தான். 2013-ல் ஒரு இளம் மலையேறி தனியாக வரும்போது பனியில் ஒரு சின்ன உலோகப் பெட்டி கிடந்தது. திறந்தால் பச்சை, நீலம், சிவப்பு... மரகதம், நீலம், மாணிக்கம். சில பொட்டலங்களில் 'மேட் இன் இண்டியா' என்று இருந்தது. சுற்றிலும் ஒரு ஈ, காக்கை இல்லை. அவர் நேராகப் போய் போலீஸில் கொடுத்துவிட்டார். எட்டு வருஷம் சொந்தக்காரர்களைத் தேடினார்கள். யாரும் உறுதியாகவில்லை. 2021-ல் சட்டப்படி பாதி அவருக்கு, பாதி ஷாமொனி ஊருக்கு என்று பிரித்தார்கள். ஆளுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் யூரோ. ஊரின் பங்கு இங்கே உள்ள கற்படிக மியூசியத்துக்குப் போனது.

"ஒரு கோடிக்கு மேல" என்றான் ஆடிட்டர், அனிச்சையாக. பிறகு, "முழுசா எடுத்திருந்தா அதுல ரெண்டு மடங்கு" என்றான். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டான். "நாமளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? நிஜத்தைச் சொல்லுங்கடா."

சட்டென்று யாரும் பதில் சொல்லவில்லை. பாண்டிக்கு வீட்டுக் கடன். ஸ்வெட்டருக்குத் தங்கை கல்யாணம் பாக்கி. எனக்கு மாசம் இருபதாம் தேதிக்கு மேல் நடக்கிற சர்க்கஸ் எனக்குத்தான் தெரியும். "கொடுத்துடுவேன்" என்று சொல்வது சுலபம். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். தனியாக, பனியில், கையில் பெட்டியோடு நிற்கும்போது சொல்ல வேண்டுமே!

"ஒரு கல்லாவது எடுத்திருப்பேன்" என்றான் பாண்டி.

"அந்த எலும்பு விஷயம் தெரிஞ்சா தொடமாட்டேன்" என்றான் ஸ்வெட்டர்.

நான் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர், மகளுக்கோ வியாபாரத்துக்கோ, பத்திரமாகப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். ஜெனிவா போய்ச் சேர இன்னும் சில நிமிஷங்கள்தான் பாக்கி இருந்திருக்கும்.

ஆடிட்டர் சொன்னான். "எங்க தொழில்ல சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுன்னு ஒண்ணு உண்டு. யாரோட பணம்னு தெரியலைன்னா அதுல போட்டு வைக்கணும். அதை இஷ்டத்துக்கு எடுத்து நம்ம லாபத்துல காட்டக் கூடாது. இந்த மலை ஐம்பது வருஷமா அதைத்தான் பண்ணிட்டிருக்கு. அந்தப் பையனும் அதைத்தான் பண்ணினான்."

மியூசியம் பார்க்கலாம் என்று ஊருக்குள் ஓடினோம். மூடிவிட்டிருந்தார்கள். கல்லைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பரவாயில்லை, கொடுத்தவன் கதையைக் கேட்டாகிவிட்டது.

இருட்டத் தொடங்கியதும் ஆன்சிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் ஆடிட்டர் வழக்கம்போல் நோட்டைப் பிரித்து அன்றைய கணக்கை எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்தவன் என்னைத் தட்டி, பத்து யூரோவை நீட்டினான்.

"என்னடா இது?"

"நேத்து டிபனுக்கு உன் பங்கைத் தப்பாக் கூட்டி அதிகமா வாங்கிட்டேன். நீ கவனிக்கலை. விட்டுடலாம்னுதான் இருந்தேன்."